லே போகும் பையில் மாத்திரை டப்பா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ராத்திரி கிளம்பி, டெல்லியில் விமானம் மாறினால், மறுநாள் காலை லடாக்கில் உள்ள லேயில் இறங்கிவிடலாம். கடல் மட்டத்திலிருந்து நேராக 3,500 மீட்டர். உடம்புக்கு ஒரு நாள்கூட அவகாசம் கிடைப்பதில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர், மாரத்தான் ஓடுபவர், விடுதி அறைக்குள் நுழைந்ததும் கட்டில்மேல் தன் பையைக் கொட்டினார். ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை, பூண்டு கேப்ஸ்யூல், பீட்ரூட் பவுடர், இரும்புச்சத்து, வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கைக்குட்டையில் முடிந்த கற்பூரம். "ஒரு மாசமா எல்லாம் எடுத்துட்டிருக்கேன், நாளைக்கே கர்துங் லா போயிடலாம்" என்று லேயைவிட உயரமான ஒரு கணவாயைச் சொன்னார். அன்று இரவு பத்து மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் வாந்தி எடுத்தார். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் 81 சதவீதம் என்று காட்டியது. அடுத்த இரண்டு நாள் அறையிலேயே கிடந்து தேறினார்.

அந்த மாத்திரைகளில் பலவும் விஷம் இல்லை. ஆனால் மாத்திரை சாப்பிட்டதை ஓய்வு எடுத்த நாளாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நம்மில் பலர் செய்யும் பெரிய தவறு இதுதான்.

லேயிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் சென்னையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. உடம்பு உடனே வேகமாக மூச்சு வாங்கப் பார்க்கும். அப்படி வாங்கும்போது கார்பன் டை ஆக்சைடு அதிகம் வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. மூளை அதைக் கவனித்து மூச்சுக்கு பிரேக் போடுகிறது. சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றி அந்த பிரேக்கைத் தளர்த்தச் சில நாள் ஆகும். உயரத்துக்குப் பழகுவது என்று சொல்வதில் முக்கியமான வேலை இதுதான். வைட்டமினோ பூண்டோ அதை வேகப்படுத்தாது.

டயமாக்ஸ் வேகப்படுத்தும். மருந்துப் பெயர் அசிட்டசோலமைடு. சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சீக்கிரம் வெளியேற்ற அது உதவுகிறது. எவரெஸ்ட் பாதையில் 600க்கும் மேற்பட்ட மலையேறிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2004இல் வெளியானது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு உயர்மலை நோய், அதாவது உயரத்துக்குப் பழகாததால் வரும் தலைவலியும் வாந்தியும், வந்தது. அசிட்டசோலமைடு எடுத்தவர்களில் 12 சதவீதம். ஜிங்கோ எடுத்தவர்களில் 35 சதவீதம், அதாவது வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. இன்னமும் ஜிங்கோவைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

அதற்காக டயமாக்ஸையும் சத்து மாத்திரை மாதிரி நினைத்து, நண்பர் கொடுத்தார் என்று வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. அது டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. தடுப்புக்காக வழக்கமாக 125 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கச் சொல்வார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அடிக்கடி வரும்; பெரும்பாலும் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

இரும்புச்சத்து விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். உயரத்தில் உடம்பு புது சிவப்பணுக்களை உருவாக்கும், அதற்கு இரும்பு தேவை. ஆகவே வாரக்கணக்கில் உயரத்தில் தங்கிப் பயிற்சி செய்யப்போகும் ஓட்டக்காரர்கள் உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்வது மிக நல்லது. பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆனால் ஏழு நாள் சுற்றுலாவுக்கு முந்தின வாரம் மாத்திரை தொடங்கினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ரத்தம் ஊற வாரக்கணக்கில் ஆகும். இரும்பு குறையாதவர்கள் ரத்தப் பரிசோதனை இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறு கெடும். சிலருக்குக் கல்லீரலில் இரும்பு தேங்கும் ஆபத்தும் உண்டு. அப்புறம், டாக்டர் சொல்லிச் சாப்பிடுகிறவர்களும் காபி, டீயோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம், சத்து உடம்பில் சரியாகச் சேராது.

பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட் ஓட்டத்துக்கு உதவும் என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் உயரத்தில் செய்த ஆய்வுகள் ஒரே மாதிரி பதில் சொல்லவில்லை. நன்றாகப் பயிற்சி பெற்றவர்களுக்குப் பலனும் குறைவு. நைட்ரேட்டை மாற்றும் வேலையைத் தொடங்குவது வாயில் உள்ள பாக்டீரியாதான். மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்துவிட்டு பீட்ரூட் குடித்தால் அந்தக் கொஞ்ச நஞ்சப் பலனும் போய்விடும்.

ஓடுகிறவர்கள் எந்தப் பவுடரையும்விட வேகத்தைக் குறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது. லேயில் 20 சதவீதம் போய்விடும். ஊரில் ஓடும் அதே வேகத்தை அங்கே பிடிக்க முயல்வதும், அதற்காக உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் ப்ரீ ஒர்க்அவுட் ஊக்கப் பவுடர் குடித்து இதயத்தை விரட்டுவதும் வேண்டவே வேண்டாம். உடல் உறுதி உயர்மலை நோயைத் தடுப்பதில்லை. வேகமாக ஏற முடிகிறவர்கள்தான் பல நேரம் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கில் குளிர்ச்சியாக இருக்கும், மூச்சு தாராளமாக வருவது போலத் தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. தெரியாமல் விழுங்கிவிட்டால் வலிப்பு வரலாம், குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்கவே கூடாது. தண்ணீரும் தாகத்துக்கு ஏற்ற அளவு போதும். ஆறேழு லிட்டர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடலாம். அதற்கும் தலைவலி, வாந்திதான் அறிகுறி. தினம் ஃபில்டர் காபி குடிக்கிறவர்கள் பயணத்துக்காகத் திடீரென்று நிறுத்தினாலும் தலை வலிக்கும், அதை மலை நோய் என்று நினைத்துக் குழம்புவார்கள். தூக்கம் வரவில்லை என்று தூக்கமாத்திரையோ மதுவோ எடுப்பது மட்டும் நிஜமாகவே ஆபத்து. இரவில் மூச்சு இன்னும் மந்தமாகும்.

சரி, தலைவலிக்கு மாத்திரை போட்டதும் வலி குறைந்துவிட்டது, மேலே போகலாமா? இன்னொரு நாள் அங்கேயே இருங்கள். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்பதே மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஒருவரால் குதிகாலும் விரல்நுனியும் தொட்டுத் தொட்டு நேர்கோட்டில் நடக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமுகிறார் என்றால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருக்கலாம். உடனே ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்க வேண்டும்.

லடாக்கில் அந்த இறக்கம்தான் சிக்கல். பாங்காங் ஏரி சுமார் 4,250 மீட்டரில் இருக்கிறது. அங்கே இரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால், லேயில் உள்ள சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்கு வரும் வழக்கமான பாதை 5,300 மீட்டரைத் தாண்டிய சாங் லா கணவாய்மேல் ஏறித்தான் இறங்குகிறது. லேயில் முதல் இரண்டு மூன்று நாளைச் சும்மா கழித்த பிறகே பாங்காங்குக்கு வண்டி பேசுங்கள்.