முதல் முறிவு கிடைத்துவிட்டதா? எக்ஸ்ரேயை இன்னும் மூடாதீர்கள்

அதிகம் தவறவிடப்படும் முறிவு எது என்று கேட்டால் 'இரண்டாவது முறிவு' என்பார்கள் எலும்பு டாக்டர்கள். கேட்க ஜோக் மாதிரி இருந்தாலும் நிஜம் அதுதான். ஒன்று கண்ணில் பட்ட திருப்தியிலேயே தேடல் நின்றுவிடுகிறது என்று அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் வில்லியம் டட்டன்ஹாம் 1962-லேயே எழுதினார். ஆனால் அதோடு கதை முடியவில்லை, ஏனென்றால் பிறகு நடந்த ஆய்வுகளில் பலர் தேடலை நிறுத்தாமல் தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், அப்படியும் அடுத்தது சிக்கவில்லை. முதலில் கிடைத்தது நினைவில் இடம்பிடித்துக்கொள்கிறது, கண்ணும் அதே மாதிரி இன்னொன்றைத்தான் தேடுகிறது. அதனால் 'கவனமாகப் பார்' என்று சொல்லி மட்டும் பயனில்லை.

முதலில், கண்டதை உடனே எழுதிவிடுங்கள். மண்டையில் சுமக்க வேண்டாம். (கண்டுபிடித்த பொருளைத் திரையிலிருந்து நீக்கிவிட்டால் அடுத்ததைத் தவறவிடுவது குறைகிறது என்று ஒரு சோதனையில் தெரியவந்தது.) அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடராமல், புதுப்படம் வந்த மாதிரி முதலிலிருந்து உங்கள் வழக்கமான வரிசையில் போங்கள்: எலும்பின் ஓரங்கள், மூட்டுகள், சதை, கடைசியாகப் படத்தின் மூலைகள். மூலைகளை யாரும் பார்ப்பதே இல்லை!

அடுத்தது, அடிபட்ட விதத்தைக் கேட்டு, அதோடு சேர்ந்து வரும் ஜோடிக் காயத்தைத் தேடுவது. எனக்குத் தெரிந்து அதிகம் கைகொடுப்பது இதுதான். முன்கையில் அல்னா (சுண்டுவிரல் பக்க எலும்பு) மட்டும் முறிந்திருந்தால் முழங்கையில் ரேடியஸின் (கட்டைவிரல் பக்க எலும்பின்) தலை விலகியிருக்கிறதா பாருங்கள். இடுப்பு வளையத்தில் ஓரிடம் உடைந்திருந்தால் இன்னோர் இடத்தையும் சந்தேகப்படுங்கள். கணுக்காலின் உள்பக்கம் அடி என்றால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஃபிபுலா (காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பு) முறிந்திருக்கலாம், கணுக்காலை மட்டும் எடுத்த படத்தில் அது வரவே வராது. மாடியிலிருந்து விழுந்து குதிகால் நொறுங்கியவருக்கு மற்றக் குதிகாலையும் கீழ்முதுகையும் பார்த்தே ஆக வேண்டும், அவர் முதுகுவலி என்று வாய் திறக்காவிட்டாலும் சரி.

முதலில் கிடைத்தது பெரிய ஆபத்தாக இருந்தால் எல்லாரும் சிகிச்சைக்கு ஓடுவார்கள், ஓடத்தான் வேண்டும். நோயாளி நிலைப்பட்டதும் அதே படத்தை முழுசாக இன்னொரு தடவை பாருங்கள், முடிந்தால் முதல் முறிவைப் பற்றிச் சொல்லாமல் வேறொருவரிடமும் காட்டுங்கள்.