தனி ஆளுக்கு ஒரு கிறிஸ்துமஸ்

தனியாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது எப்படி என்று யாராவது கேட்டால், நான் முதலில் பேசுவது பிற்பகல் இரண்டு மணியைப் பற்றித்தான். காலைப்பொழுது எப்படியும் ஓடிவிடும். விடியற்கால ஆராதனை, ஆலய வாசலில் கைகுலுக்கல், வீடு திரும்பியதும் எங்கள் ஊரான தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து அக்காவின் தொலைபேசி. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவரவர் குடும்பத்தோடு அடங்கிவிடுவார்கள். குன்னூரில் அந்நேரத்துக்குப் பல நாள் மூடுபனியும் ஏறிவந்துவிடும். மனம் கனப்பதென்றால் அப்போதுதான் கனக்கும். ஆகவே உங்கள் புது வழக்கத்தை அந்த நேரத்தில் வையுங்கள்.

நான் ஓய்வுபெற்ற செவிலி, மணமாகாதவள். பணியில் இருந்தவரை பண்டிகை நாள் டியூட்டியைக் குடும்பஸ்தர்கள் என் தலையில் கட்டிவிடுவார்கள். எரிச்சலாக இருந்தாலும் வார்டில் தனிமை தெரிந்ததில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் அந்த நாளுக்கென்று ஒரு வேலை தேவைப்பட்டது.

அந்த வேலை முந்திரிக்கொத்து. ஊரில் பெண்கள் கூடி உட்கார்ந்து பண்டிகைக்கு முன்பே செய்து டின்னில் அடைத்துவிடுவார்கள். நான் வேண்டுமென்றே பண்டிகையன்று பிற்பகலில் செய்கிறேன். நடுவில் எழுந்துபோய்க் கவலைப்பட இடம் கொடுக்காத பலகாரம் அது.

ஒருவர் தனியாகச் சமாளிக்கக் கால் கிலோ பாசிப்பயறு போதும். முந்தினநாளே அதை மணம் வர வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்து, மாவாக்கிவிடுங்கள். ஒரு மூடித் தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்து, எள், ஏலக்காய், சுக்கோடு மாவில் கலந்துவையுங்கள். இருநூறு கிராம் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, விரலில் பிசுபிசுக்கும் பதத்தில் இறக்கி மாவில் ஊற்றிக் கிளறி, கை சூடு பொறுக்கும்போதே உருட்ட வேண்டும். மலையில் சிக்கலே இங்குதான். ஊரில் பாதியை உருட்டிவிட்டு அடுத்த வீட்டுக் கதை கேட்டுவிட்டு வரலாம். இங்கே டிசம்பர் குளிரில் கலவை அதற்குள் கல்லாகிவிடும். பாத்திரத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு உருட்டுங்கள். தேங்காய் எண்ணெயும் புட்டிக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்திருக்கும், அதையும் முன்கூட்டியே வெந்நீரில் நிறுத்திவிடுங்கள். பச்சரிசி மாவில் உப்பும் மஞ்சளும் கரைத்து, உருண்டைகளை மும்மூன்றாகத் தோய்த்து, ஒட்டினாற்போல் எண்ணெயில் விடுங்கள். முதல் கொத்து பிரிந்துபோகும், அது அடுப்படியில் நிற்பவருக்கு உரியது.

ஐந்து மணிக்குப் பாதியைத் தட்டில் வைத்து மூடி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எங்கள் பக்கத்து வீட்டார் நீலகிரி மலையின் படகர் சமூகத்தினர். அந்தச் சமயத்தில் அவர்கள் வீட்டில் தங்கள் தெய்வமான ஹெத்தையம்மனின் திருவிழாப் பேச்சு நடக்கும். நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்பேன். கையில் தட்டோடு போகிறவரை யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை.

பிரியாணியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எட்டுப் பேருக்கான பண்டத்தை ஒருவருக்குச் சுருக்கினால் ருசி போய்விடும், மனமும் எட்டுப் பேரை எண்ணும். எனக்கு ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். கேக்கைப் பேக்கரியில் கால் கிலோ வாங்குகிறேன். வீட்டில்தான் செய்வேன் என்பவர்கள், குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம் என்பதை மறக்காமல், பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறையுங்கள். இல்லாவிட்டால் கேக் உப்பிவந்து நடுவில் அமுங்கும்.

காகித நட்சத்திரத்தை வாசலில் கட்டினால் இரண்டே நாளில் பனியில் ஊறித் தொங்கும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்பக்கம் கட்டுங்கள், தெருவிலிருந்து நன்றாகவே தெரியும்.

இன்னொரு வழக்கத்தை மறுநாளுக்கு வையுங்கள், 26-ஆம் தேதியை எதிர்பார்க்க ஒன்று வேண்டும். அது கிறிஸ்தவத்தின் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானின் திருநாள். அவர் பெயரைத் தாங்கிய ஆலயம் ஊட்டியில் இருக்கிறது. 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்டது, அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை. மலை ரயிலை நம்பாதீர்கள், அரையாண்டு விடுமுறையில் டிக்கெட் கிடைப்பது அரிது. விடிந்ததும் பஸ் ஏறுங்கள், பத்து மணிக்கு மேல் சாலை சுற்றுலா வண்டிகளால் அடைத்துக்கொள்ளும். உள்ளே சற்று உட்கார்ந்துவிட்டு நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர் இங்கிலாந்து திரும்பிவிட்டார். கல்லில் வயதைப் படித்து இது காய்ச்சலா, பிரசவமா என்று ஊகிப்பது செவிலிக்கு விட்டுத் தொலையாத பழக்கம். யாரும் நிற்காத ஒரு கல்லின் மேல் ஒரு பூ வைத்துவிட்டு, பேக்கரியில் சூடான வர்க்கியும் (ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட்) தேநீரும் சாப்பிட்டுத் திரும்புவேன்.

25-ஆம் தேதி டியூட்டி விழுந்தவர்கள் ஜனவரி 6 வரை தள்ளிவைக்கலாம். குழந்தை இயேசுவைக் காண ஞானிகள் வந்த திருநாளாக அன்றைக்குச் சபையில் ஆசரிக்கிறார்கள், பண்டிகைக் காலம் அதுவரை நீளும். நட்சத்திரத்தையும் அன்றுதான் கழற்றுங்கள்.

அக்கா இன்னமும் ‘தனியாக இருந்து என்ன செய்யப்போகிறாய், கிளம்பி வா’ என்பாள். சரியாக இரண்டு மணிக்கு மறுபடியும் கூப்பிட்டுக் கேட்பாள். பாகு இறங்கும் நேரம் என்று சொல்லி வைத்துவிடுவேன்.