கட்டில் பக்கத்து டிஜிட்டல் சார்ட்டில் லொக் இன் செய்வது எப்படி? புதிதாக வார்டுக்கு வரும் தாதி உதவியாளர்களுக்கு

போன மாதம் எங்கள் வார்டுக்குப் புதிதாக மூன்று தங்கச்சிமார் வந்தார்கள். ஒருத்தி நோர்வூட், ஒருத்தி அப்கொட், மற்றவள் தலவாக்கலை. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கையிலேயே உடம்பு துடைப்பது, பிரஷர் பார்ப்பது எல்லாம் நன்றாகப் பழகி வந்த பிள்ளைகள். ஆனால் பார்த்த பிரஷரை ட்ரொலி கொம்பியூட்டரில் பதியச் சொன்னதும் கை நின்றுவிட்டது. கோர்ஸில் அவர்கள் பழகியது கடதாசி சார்ட். ஒரே விஷயத்தை மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்த பிறகு, இதை எழுதியே வைக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் மலைநாட்டு அரச வைத்தியசாலைகளில் பெரும்பாலான வார்டுகளில் இன்னும் பெட் ஹெட் டிக்கெட் (கட்டிலோடு இருக்கும் நோயாளியின் குறிப்பேடு) கடதாசியில்தான் இருக்கிறது. சில இடங்களில் எச்.எச்.ஐ.எம்.எஸ். என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. தனியார் வைத்தியசாலைகள் ஆளுக்கொரு மென்பொருள் வைத்திருக்கின்றன. திரையின் நிறமும் பட்டன் இருக்கும் இடமும் மாறும். உள்ளே போகும் வழி மட்டும் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் நாளே கேட்டு வாங்க வேண்டியவை

வேலையில் சேர்ந்த அன்றே இன்சார்ஜ் சிஸ்டரிடமோ கணினிப் பிரிவிலோ கேளுங்கள். என் பயனர் பெயர் என்ன, எழுத்துக்கு எழுத்து எப்படி? தற்காலிக பாஸ்வேர்ட் எது, எத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும்? ஓடிபி (ஒரு தடவை மட்டும் செல்லும் குறியீடு) வரும் என்றால் எந்த போன் இலக்கத்துக்கு? எத்தனை தடவை பிழையாக அடித்தால் கணக்கு லொக் ஆகும்? இரவில் லொக் ஆனால் யாரைக் கூப்பிடுவது? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க மறக்கிறார்கள். கணினிப் பிரிவில் பகலில்தான் ஆள் இருப்பார்கள். நமக்குத் தேவை வருவதோ இரவு இரண்டு மணிக்கு.

பயனர் பெயர் உங்கள் பெயரை வைத்து உருவாக்கியது என்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் ஆட்களின் பெயரைத் தோட்டத்தில் பிறப்புப் பதிவு எழுதியவர் ஒரு மாதிரி எழுதியிருப்பார், பாடசாலையில் வேறு மாதிரி இருக்கும், அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி வந்திருக்கும். சுமதிக்கு 'டீ' மட்டும் போட்டார்களா, 'டீ எச்' போட்டார்களா என்பது உங்கள் ஊகத்துக்கு விட வேண்டிய விஷயம் அல்ல. ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடையாள அட்டை இலக்கம்தான் பயனர் பெயர் என்றால்

எங்கள் இடத்தில் அப்படித்தான். என்னுடையது பழைய அட்டை, 9 இலக்கமும் கடைசியில் 'வி' எழுத்தும் உள்ளது. 2016 முதல் கொடுக்கும் அட்டைகளில் 12 இலக்கம், எழுத்து கிடையாது. கணினியில் எல்லோரையும் 12 இலக்கத்தில்தான் பதிந்து வைத்திருந்தார்கள். அது தெரியாமல் முதல் நாள் என் பழைய இலக்கத்தை அடித்தேன். 'அப்படி ஒரு பயனர் இல்லை' என்றது.

மாற்றுவது சுலபம். முன்னால் 19 சேருங்கள். முதல் ஐந்து இலக்கத்தை அப்படியே எழுதுங்கள். அதற்குப் பிறகு ஒரு 0 போட்டு, மீதி நான்கு இலக்கத்தை எழுதி, 'வி'யை விட்டுவிடுங்கள். 979991234வி என்று இருந்தால் 199799901234 ஆகும். (இது யாருடைய இலக்கமும் அல்ல. நடுவில் உள்ள மூன்று இலக்கம் பிறந்த நாளைக் குறிப்பது, அதில் 999 வரவே வராது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். அதனால்தான் நம் அட்டைகளில் அந்த இடத்தில் 500க்கு மேல் இருக்கிறது.)

என்னை மாட்டிவிட்ட இடம்: கீபோர்ட்

இந்தப் பகுதியை மெதுவாக வாசியுங்கள்.

எனது முதல் நைட் டியூட்டி. பொகவந்தலாவை பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர், நெஞ்சுச் சளி, நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷர், சச்சுரேஷன் (இரத்தத்தில் உள்ள ஒக்சிஜன் அளவு) எல்லாம் பார்த்துப் பதிய வேண்டும். இரண்டு மணிக்குப் பார்த்தேன். ட்ரொலியைக் கட்டில் பக்கம் தள்ளிவந்து இலக்கத்தை அடித்தேன், சரியாக விழுந்தது. பாஸ்வேர்டை அடித்தேன், பிழை என்றது. திரும்ப அடித்தேன், பிழை. கேப்ஸ் லொக் பார்த்தேன், எரியவில்லை. மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினேன். கணக்கு லொக் ஆகிவிட்டது.

காரணம் காலையில்தான் தெரிந்தது. எனக்கு முன்னால் அதில் வேலை செய்தவர் சிங்களத்தில் ஏதோ குறிப்பு அடித்துவிட்டு, கீபோர்டை அப்படியே சிங்களத்தில் விட்டுப் போயிருந்தார். சிங்களக் கீபோர்டிலும் மேல் வரிசையில் இலக்கங்கள் அதே இலக்கங்கள்தான். ஆகவே 12 இலக்கப் பயனர் பெயர் சரியாகத் தெரிந்தது. பாஸ்வேர்ட் பெட்டியில் விழுந்ததோ சிங்கள எழுத்துகள். அங்கே நமக்குத் தெரிவது கறுப்புப் புள்ளிகள் மட்டும் என்பதால் எந்த மொழி விழுகிறது என்று பார்க்கவே முடியாது. தமிழ்க் கீபோர்டில் விட்டிருந்தாலும் இதே கதைதான்.

அதிலிருந்து நான் செய்வது இதுதான். பயனர் பெயர் பெட்டியில் முதலில் ஏதாவது ஓர் எழுத்தை அடித்துப் பார்ப்பேன். ஆங்கில எழுத்து விழுந்தால் அதை அழித்துவிட்டு இலக்கத்தை அடிப்பேன். வேறு எழுத்து விழுந்தால் விண்டோஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ்பாரை ஒரு தடவை தட்டுவேன், கீபோர்ட் மாறும். திரையின் கீழே வலது மூலையில், நேரம் காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், எந்த மொழி என்று சின்னதாகக் காட்டும். ஆல்ட்டும் ஷிஃப்டும் தெரியாமல் சேர்ந்து அழுத்துப்பட்டாலும் மொழி மாறிவிடும், அதனால் நடுவிலும் ஒரு கண் வையுங்கள்.

பாஸ்வேர்ட் பெட்டியில் கண் படம் இருந்தால் அதை அழுத்தி அடித்ததைப் பார்க்கலாம். பின்னால் நோயாளியின் வீட்டார் நிற்கும்போது மட்டும் வேண்டாம்.

இரண்டு தடவை பிழை வந்தால் நிறுத்துங்கள். மூன்றாவது தடவைக்கு முன் கீபோர்ட் மொழி, கேப்ஸ் லொக், கீபோர்டின் வலப்பக்கத்தில் தனி இலக்கப் பகுதி இருந்தால் 'நம் லொக்' (Num Lock) பட்டன், இந்த மூன்றையும் பாருங்கள்.

அந்த இரவு நான் செய்த தவறு

லொக் ஆனதும் பக்கத்து வார்டு அக்கா ஒருவர் உதவ வந்தார். "என்னோடதுல போட்டுரு தங்கச்சி, காலையில பார்த்துக்கலாம்" என்று தன் பாஸ்வேர்டைச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் பதிந்தேன். ஆறு மணிக்கு அந்த அம்மாவின் சச்சுரேஷன் இறங்கியிருந்தது. டொக்டர் சார்ட்டைத் திறந்து, இரண்டு மணி அளவைப் பதிந்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். திரையில் இருந்தது அக்காவின் பெயர். அவருக்கு அந்த நோயாளியின் முகம்கூடத் தெரியாது. ஒக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தபோது எடுத்த அளவா, கழற்றி வைத்திருந்தபோதா என்று டொக்டர் கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. என்னைத் தேடிப் பிடிக்க நேரம் போனது. அந்த அம்மா தேறி வீட்டுக்குப் போனார். அக்காவுக்குத்தான் என்னால் விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

ஆகவே கணக்கு லொக் ஆனால், அளவுகளை வார்டில் வைத்திருக்கும் கடதாசி சார்ட்டில் எழுதுங்கள், பார்த்த நேரத்தையும் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், டியூட்டியில் இருக்கும் மிஸ்ஸிடம் உடனே வாயால் சொல்லுங்கள். கணக்கு திறந்ததும் உங்கள் பெயரிலேயே பதியுங்கள். பெரும்பாலும் 'அளவெடுத்த நேரம்' என்று தனிப் பெட்டி இருக்கும். அதில் நீங்கள் அடிக்கும் நேரம் வரக்கூடாது, பார்த்த நேரம் வர வேண்டும். ஒக்டோபர், நவம்பர் இடி மழையில் கரண்ட் போய் நெட்வேர்க் விழும் நாட்களிலும் இதே முறைதான்.

சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருவரின் உடல்நலத் தகவல் விசேடமாகப் பாதுகாக்க வேண்டிய வகையில் வருகிறது.

ஓடிபி

எஸ்.எம்.எஸ். ஓடிபியை நான் விரும்புவதில்லை. எங்கள் கட்டிடம் மலைச்சரிவில் இருக்கிறது, உள் வார்டில் சிக்னல் வந்து போகும். குறியீடு வந்து சேரும்போது அது காலாவதியாகி இருக்கும். ஒதென்டிகேட்டர் அப் (போனிலேயே குறியீட்டை உருவாக்கிக் காட்டும் செயலி) பயன்படுத்த அனுமதித்தால் அதையே கேட்டு வாங்குங்கள். கூகுளுடையதும் சரி, மைக்ரோசொஃப்டுடையதும் சரி, சிக்னல் இல்லாமலே 30 செக்கனுக்கு ஒரு தடவை புதிய குறியீடு காட்டும். குறியீடு மாறப்போகும் கடைசி நேரத்தில் அவசரப்பட்டு அடிக்காமல், அடுத்தது வரும்வரை பொறுத்து அடிப்பது நல்லது.

உள்ளே போனதும்

முதலில் மேல் மூலையில் இருப்பது உங்கள் பெயரா என்று பாருங்கள். முன்னால் வேலை செய்தவர் லொக் அவுட் செய்யாமல் போயிருந்தால் அவர் பெயரில் எல்லாம் திறந்தே இருக்கும். வேலை சுலபமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவரை வெளியேற்றிவிட்டு உங்கள் பெயரில் திரும்ப வாருங்கள்.

மருந்துப் பகுதி தெரியவில்லை என்று பயப்பட வேண்டாம். தாதி உதவியாளர் கணக்கில் அது வராது. காய்ச்சல், நாடி, உடம்புக்குள் போன நீரும் வெளியே வந்த நீரும், சாப்பாடு, புரட்டிப் படுக்க வைத்த நேரம் போன்றவைதான் நமக்குத் திறக்கும். மருந்துப் பகுதி திறந்தால்தான் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும், யாரோ பிழையான வகையில் உங்களைப் பதிந்திருக்கிறார்கள்.

நோயாளியைப் பெயரை வைத்து மட்டும் தெரிவு செய்யாதீர்கள். எங்கள் வார்டில் ஒரே நேரத்தில் மூன்று முத்தம்மா இருந்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் ஒரே தோட்டம். கைப்பட்டியில் உள்ள இலக்கத்தைத் திரையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், பிறகு "அம்மா, உங்க முழுப் பேரு சொல்லுங்க" என்று கேளுங்கள். "நீங்கதானே முத்தம்மா?" என்று கேட்டால் காது கேட்காதவர்களும் தலையாட்டுவார்கள்.

டெப் (கையில் பிடிக்கும் டெப்லெட்), ட்ரொலி இரண்டும் இருந்தால் நான் ட்ரொலியைத்தான் எடுப்பேன். கையுறையோடும் ஸ்பிரிட் ஈரத்தோடும் டெப்பில் தொட்டால் வேறு இலக்கம் விழுகிறது. விரல் ரேகையில் திறக்கும் டெப்களும் உண்டு. நாள் முழுக்கக் கை கழுவி, அதிகாலைக் குளிரில் விறைத்திருக்கும் விரலை அது பல நேரம் ஏற்பதில்லை. பாஸ்வேர்டையும் நினைவில் வைத்திருங்கள்.

'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று பிரவுசர் கேட்டால் 'வேண்டாம்' என்றே அழுத்துங்கள், அது பொதுக் கொம்பியூட்டர். கட்டிலை விட்டு நகரும்போது லொக் அவுட். பக்கத்துக் கட்டிலில் யாராவது வாந்தி எடுத்து ஓட வேண்டி வந்தால் விண்டோஸ் பட்டனோடு 'எல்' எழுத்தைத் தட்டிவிட்டு ஓடுங்கள், திரை மூடிக்கொள்ளும். திரும்பி வந்ததும் லொக் அவுட் செய்ய மறக்க வேண்டாம், மூடி வைத்த திரை மற்றவர்களுக்குப் பயன்படாது.

பின்சேர்க்கை 1

கனடாவில் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த ஓர் அக்கா, தனது பயனர் பெயரைச் சரியாக அடித்தும் உள்ளே போகவில்லை என்று எழுதியிருந்தார். அங்கே பல இல்லங்களில் பொயின்ட்கிளிக்கெயார் என்ற மென்பொருள். அதில் பயனர் பெயருக்கு முன்னால் அந்த நிறுவனத்தின் குறியீட்டை அடித்து, ஒரு புள்ளி வைத்து, பிறகுதான் பயனர் பெயரை அடிக்க வேண்டும். நடுவில் இடைவெளி விடக்கூடாது. அவர் குறியீட்டை விட்டுவிட்டிருந்தார்.

பின்சேர்க்கை 2

பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது: ஓடிபி வரவே இல்லை. விசாரித்தால், வேலைக்கு விண்ணப்பித்தபோது அவளிடம் சொந்த போன் இல்லாமல் அண்ணனின் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறாள். குறியீடுகள் எல்லாம் தோட்டத்தில் அண்ணன் போனுக்குப் போயிருக்கின்றன. இலக்கத்தை மாற்ற கணினிப் பிரிவுக்கு நேரில், அடையாள அட்டையோடு போங்கள். அண்ணனிடம் குறியீட்டைக் கேட்டு அடிப்பதைப் பழக்கமாக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 3

லொக் இன் பக்கமே வராமல், 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றோ 'உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது' என்றோ வந்தால் பாஸ்வேர்டில் பிழை இல்லை. டெப் சார்ஜ் முழுதாக இறங்கிக் கிடந்து திகதி பழைய ஆண்டுக்குப் போயிருக்கும். செட்டிங்ஸில் திகதி, நேரத்தைத் தானாக எடுக்கும்படி வையுங்கள், நேர வலயம் கொழும்பு, கூட்டல் 5.30 என்று இருக்கிறதா பாருங்கள், பிறகு பக்கத்தைத் திரும்பத் திறவுங்கள். ஒதென்டிகேட்டர் குறியீட்டை ஏற்காவிட்டாலும் முதலில் உங்கள் போனின் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.