கிறிஸ்டல் தேய்க்கப் பொடி வேண்டுமா? லிங்கிச் செட்டித் தெருவுக்கு வாங்க

கையில் பழைய எஃப்டி-243 கிறிஸ்டல்: திறக்கக்கூடிய கூட்டுக்குள் ஒரு குவார்ட்ஸ் தகடு, ரேடியோ எந்த அதிர்வெண்ணில் ஓடும் என்பதை அதுதான் நிர்ணயிக்கும். 7000 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது; நமக்கு வேண்டியதோ 7050. தேய்த்தால் மெலியும், மெலிந்தால் அதிர்வெண் ஏறும். ஏடி வெட்டுத் தகடு (குவார்ட்ஸை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அறுத்தது) என்றால் 1660-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள், கனம் மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வந்துவிடும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 237. நாம் எடுக்கப்போவது 2 மைக்ரான்கூட இல்லை. (இப்போது வரும் சின்னத் தகரக்கூடு கிறிஸ்டலைப் பிரிக்காதீர்கள். உலோகப் பூச்சு தகட்டின் மேலேயே இருக்கும், தேய்த்தால் போச்சு.)

முதலில் பொடி. குவார்ட்ஸைவிடக் கடினமானதுதான் அதை அறுக்கும். அதனால் பற்பசை உதவாது. கார்போரண்டம் (சிலிக்கன் கார்பைடு) பவுடர், 600 நம்பர் நைஸ், 100 கிராம் போதும். திருவொற்றியூரில் கார்போரண்டம் ஆலையே இருக்கிறது, ஆனால் 100 கிராமுக்கு அங்கே போய் நிற்க முடியுமா? பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டித் தெரு ஹார்டுவேர் கடைகளில் கேளுங்கள். நான் முதல்முறை பொடிக்குப் பதிலாக வால்வு பேஸ்ட் (வண்டி இன்ஜின் வால்வு தேய்க்கும் கொரகொரப்பான பசை) கேட்டேன்.

"இன்னா வண்டிக்குபா?"

"வண்டிக்கு இல்லண்ணே, ரேடியோவுக்கு."

மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அவர் பார்த்தது சரிதான்: இரண்டே சுற்றில் தகட்டில் கோடு விழுந்து, மூலையும் பெயர்ந்தது.

நல்ல பொடியிலும் பெரிய மணி ஒன்றிரண்டு கலந்திருக்கும். அதைப் பிரிப்பது அரிசி களைவது மாதிரிதான். உயரமான டம்ளரில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் விட்டு, ஒரு ஸ்பூன் பொடியைக் கலக்கி, 2 நிமிஷம் விடுங்கள். பெரிய மணி அடியில் தங்கும். மேலே கலங்கி நிற்பதை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி, ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் படிந்திருக்கும் சாம்பல் நிறச் சேறுதான் நமக்கு வேண்டியது.

கண்ணாடிக் கடையில் 5 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டுத்துண்டு ஒன்று வாங்குங்கள். அதன்மேல் சேறு கொஞ்சம், நாலு சொட்டுத் தண்ணீர். தகட்டை ஒரே விரலால் மெல்ல அழுத்தி எட்டுப் போடுங்கள். ஐந்து எட்டுக்கு ஒருமுறை தகட்டைக் கால் சுற்றுத் திருப்புங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கண்ணாடியும் தேய்ந்து நடுவில் குழியும். இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்.

பத்து எட்டு முடிந்ததும் சோப்பு, பழைய டூத்பிரஷ் கொண்டு கழுவித் துடைத்து, ஓரத்தைப் பிடித்துக் கூட்டில் வைத்து, டிரான்ஸ்மிட்டரில் செருகி, ரிசீவரில் கேளுங்கள். 1 மைக்ரான் தேய்ந்தாலே 30 கிலோஹெர்ட்ஸ் ஏறிவிடும், அவசரம் வேண்டாம்.

7051-க்குத் தாண்டிவிட்டதா? தகட்டின் நடுவில் மென்மையான பென்சிலால் லேசாக ஒரு கோடு போடுங்கள், கொஞ்சம் இறங்கும்.