குறைமாதக் குழந்தைக்கு ரத்தம் ஏற்றுகிறார்களா? கண்ணுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

என் மகள் 27 வாரத்தில் பிறந்தாள், 940 கிராம். பத்தாம் நாள் டாக்டர் வந்து, "ஹீமோகுளோபின் இறங்கிடுச்சும்மா, ரத்தம் ஏத்தணும்" என்றார். கையெழுத்துப் போட்டேன். ரத்தம் ஏற்றிய குறைமாதக் குழந்தைகளுக்கு ஆர்ஓபி என்ற விழித்திரை நோய் அதிகம் வருகிறது என்று அன்றிரவுதான் படித்தேன். தப்புப் பண்ணிவிட்டேனோ என்று விடியும்வரை தூக்கமில்லை. அதே இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், பயந்துபோய் ரத்தம் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். விழித்திரையின் ரத்தக்குழாய்கள் கருவின் 16வது வாரத்தையொட்டி முளைத்து, ஓரம்வரை போய்ச் சேர 40 வாரம் ஆகும். முன்கூட்டியே பிறந்தால் பாதி வழியில் நிற்கும். அந்த நேரத்தில் ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைத்தால் வளர்ச்சி தடைபடும்; பின்னால் தாறுமாறாகக் கிளைத்து விழித்திரையையே பிடித்து இழுக்கலாம். கருவின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கொடையாகக் கிடைப்பது பெரியவர்களின் ரத்தம். அது சுலபமாக விட்டுக்கொடுக்கும். சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அதிகம் ரத்தம் தேவைப்படுவதும் மிகச் சின்ன, மிகவும் முடியாத குழந்தைகளுக்குத்தான். நோய் வரும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகம். கூடுதலாக ஏற்றியவர்களையும் குறைத்து ஏற்றியவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில், கடுமையான ஆர்ஓபியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தேவைப்படும் ரத்தத்தைத் தடுப்பதுதான் ஆபத்து.

நம்மால் செய்ய முடிந்தது, தேவையையே குறைக்க உதவுவது. ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய 90 மில்லி ரத்தம். பரிசோதனைக்கு ஒரு மில்லி எடுத்தாலும் அது நூறில் ஒரு பங்குக்கு மேல். நான் கேட்டது இவ்வளவுதான்: "சிஸ்டர், நாளைக்கு எடுக்கிற டெஸ்ட்டையும் இதோட சேர்த்து எடுத்துடலாமா?" பல நாள் சேர்த்தே எடுத்தார்கள். அடுத்தடுத்து ஏற்ற வேண்டி வந்தால், ஒரே கொடையாளரின் ரத்தத்தைச் சிறு பைகளாகப் பிரித்து வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். பிரசவம் இன்னும் ஆகவில்லை என்றால், தொப்புள்கொடியைக் குறைந்தது 60 விநாடி தாமதித்து வெட்ட முடியுமா என்று இப்போதே பேசி வையுங்கள்.

அப்புறம் மானிட்டர். ஆக்சிஜன் கொடுக்கும்போது, மானிட்டரில் தெரியும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பொதுவாக 90–95 சதவீதத்துக்குள் வைக்கப் பார்ப்பார்கள். ரத்தம் ஏறிய பிறகு 99, 100 என்று நின்றால் உடனே சொல்லுங்கள். நீங்களாக எதையும் திருகாதீர்கள். வெளி ஆக்சிஜன் இல்லாமல் தானாக மூச்சுவிடும் குழந்தைக்கு 100 காட்டினால் கவலை இல்லை.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். என்னுடையதில் முதல் வரி: "10ஆம் நாள், 14 மில்லி, நாலு மணி நேரம்." அதன் எதிர்ப்பக்கம் முழுக்கக் கண்ணுக்கு. முதல் கண் பரிசோதனை பெரும்பாலும் குழந்தை பிறந்த நான்காவது வாரத்தையொட்டி வரும். பிறந்த வாரத்தையும் எடையையும் பொறுத்து மாறும். தேதியைக் கேட்டு எழுதிவிடுங்கள். வீட்டுக்கு அனுப்பிய நாளில் எங்கள் டிஸ்சார்ஜ் தாளில் அடுத்த கண் தேதியே இல்லை. நோட்டில் இருந்ததால் தப்பித்தோம். சிகிச்சை தேவைப்படும் கட்டம் வந்தால் லேசரோ ஊசியோ இரண்டு மூன்று நாளுக்குள் முடிந்தாக வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போடுவது அங்கே சின்ன விஷயமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகவே இருக்கும், அதை நம்பாதீர்கள்.

பரிசோதனையைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். சொட்டு மருந்து விட்டு, இமையைக் கம்பியால் விரித்துப் பிடிப்பார்கள். துணியில் இறுக்கமாகச் சுற்றி, நாக்கில் இரண்டு சொட்டு சர்க்கரைக் கரைசல் வைத்தால் வலி குறையும். தர முடியுமா என்று கேளுங்கள். என் விரலை அவள் உள்ளங்கையில் வைத்தேன், முடியும்வரை விடவில்லை.

அவளுக்கு ஆர்ஓபி இரண்டாம் நிலைவரை போய்த் தானாகவே இறங்கியது. கர்ப்பக் கணக்கில் 42வது வாரத்தில், "குழாயெல்லாம் ஓரத்துக்குப் போயிடுச்சு" என்றார் கண் டாக்டர். அன்றும் நோட்டை நீட்டி அடுத்த தேதி கேட்டேன். கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் இந்தக் குழந்தைகளுக்கு அதிகம் வரும். அதனால் அந்தப் பக்கத்தில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.