சுறா ஏன் விலகியது

கொக்கோஸ் தீவு கோஸ்டா ரிக்கா கரையிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர்; படகிலேயே ஒன்றரை நாள். ஸ்கூபா முக்குளிக்க அவ்வளவு தூரம் போயும் சுத்தியல் தலைச் சுறாக்கள் என்னைக் கண்டதும் விலகின. சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு) காற்று அரை மணி நேரத்தில் 50க்கு இறங்கிவிட்டது.

சிங்கப்பூர் திரும்பியதும், இங்குள்ள புலாவ் ஹந்து தீவின் கலங்கிய நீரில் என்னைக் கவனித்த அண்ணன் ஒருவர், "தம்பி, இடுப்புல ஈயம் அதிகம்" என்றார். உண்மைதான், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடை கூடிவிட்டது. கீழே போய்விடாமலிருக்க ஓயாமல் காலை உதைத்து மூச்சு வாங்கியிருக்கிறேன்; அந்தக் குமிழிகளுக்குத்தான் சுறாக்கள் விலகின. 2 கிலோ குறைத்தோம். அப்புறம் நிதானமாக, நீளமாக மூச்சு விடப் பழகினேன். குமிழிக்குப் பயந்து மூச்சை அடக்கவே கூடாது, நுரையீரல் கிழியலாம்.

அடுத்த முறை கொக்கோஸில் சுறாக்களைத் துரத்தவில்லை. பார்பர் மீன்கள் சுறாக்களைச் சுத்தம் செய்யும் பாறையோரம் அசையாமல் இருந்தேன். ஒரு சுறா ஓரக்கண்ணால் பார்த்தபடி கைக்கெட்டும் தூரத்தில் கடந்தது. அதன் செவுளருகே மஞ்சள் மீன் ஒன்று கொத்திக்கொண்டே போனது.