குடிக்கும் அளவை எல்லையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

"தினமும் ஒரு கட்டிங்தான்" என்று சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அந்தக் கட்டிங்கில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்று அவர் கணக்குப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். குடித்த மில்லி அளவைப் பாட்டில் லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தால், உடம்புக்குள் போன தூய ஆல்கஹாலின் அளவு கிடைத்துவிடும்.

தமிழ்நாட்டில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி பாட்டில்களில் 42.8 சதவீதம் என்றே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். அப்படியானால் 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லியும், அதில் பாதியான கட்டிங்கில் 38.5 மில்லியும் தூய ஆல்கஹால். 650 மில்லி பீர், 8 சதவீத ஸ்ட்ராங் வகையாக இருந்தால், அதில் 52 மில்லி இருக்கிறது; "பீர்தானே" என்று நினைப்பவர் கட்டிங் குடிப்பவரைவிட அதிகமாகவே குடிக்கிறார்.

ஒப்பிடுவதற்குப் பிரிட்டன் 2016இல் வகுத்த எல்லை வசதியானது, ஏனெனில் அங்கே ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால். ஆணோ பெண்ணோ, வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டக் கூடாது, அதாவது 140 மில்லி; அதையும் ஒரே நாளில் குடித்துத் தீர்க்காமல் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாள்களில் பரவலாக்க வேண்டும் என்பது அந்த அறிவுரை. இரண்டு குவார்ட்டரிலேயே இந்த எல்லை கடந்துவிடும். தினம் ஒரு கட்டிங் என்றால் வாரத்துக்கு 270 மில்லி, ஏறக்குறைய இரு மடங்கு. இந்த எல்லைக்குள் இருந்தால் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகளுக்கு ஒரு துளியும் கூடாது.

நினைவிலிருந்து கணக்கிட்டால் அளவு குறைவாகவே வரும். ஆகவே ஏழு நாள்களுக்கு, குடித்த அன்றே காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். வீட்டு டம்ளரில் ஊற்றுபவர், இருமல் மருந்துடன் வரும் அளவு மூடியால் தண்ணீரை ஊற்றி, தாம் வழக்கமாக நிரப்பும் மட்டம் எத்தனை மில்லி என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 60 என்று நம்பியது 90 ஆக இருக்கக்கூடும். நண்பர்களோடு ஒரே பாட்டிலைப் பகிரும்போது, ஒவ்வொரு முறை ஊற்றுவதையும் எண்ணினால்தான் உங்கள் பங்கு தெரியும்.

கூட்டிப் பார்த்துத் திடுக்கிட்டு, பல ஆண்டுகளாகத் தினமும் நிறையக் குடித்தவர் மறுநாளே அடியோடு நிறுத்திவிடக் கூடாது என்பதை வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் கை நடுக்கமும், வலிப்பும், மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறித்து வைத்த தாளை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அப்படியே எடுத்துச் செல்லுங்கள், அல்லது 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் பேசுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு, எத்தனை நாள், எவ்வளவு என்பதற்கு, அதிலேயே பதில் இருக்கும்.